ஒரே ஊசி, ரெண்டு ரிசல்ட்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் பெரியாஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற லேபுகளில் ஒன்றில் பதினோரு வருஷமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி இறுகிப்போய், மேலே தழும்பு வரிசையாக இருந்தால் நான் எதுவும் கேட்பதில்லை. பேசாமல் கையைத் திருப்பிப் புறங்கையில் தேட ஆரம்பித்துவிடுவேன்.

போன வருஷம் அப்படி இரண்டு பையன்கள் வந்தார்கள். எந்த ஊர், என்ன வயசு எதையும் சொல்ல மாட்டேன், ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்றுகூடச் சொல்ல மாட்டேன், சிலதை மாற்றியும் இருக்கிறேன். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பழக்கம். ஒரே பைக், ஒரே சிரிஞ்சு, மாசக்கணக்காக. ஈரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடி இரண்டு பேருக்குமே 'ரியாக்டிவ்', அதாவது இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் வைரஸ் இப்போது இருக்கிறதா என்று பார்க்கிற ஆர்.என்.ஏ. டெஸ்டில் ஒருவனுக்கு லட்சக்கணக்கில் காட்டியது, மற்றவனுக்கு ஒன்றுமே இல்லை. ஆறு மாசம் கழித்து எடுத்தபோதும் இல்லை.

தப்பித்தவனின் அம்மா சுடலைக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்து லேபில் திருநீறு கொடுத்தார். மற்றவனின் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, "ஒரே ஊசிதானய்யா, எம்மவனுக்கு மட்டும் ஏன் தங்கிப்போச்சு?" என்று கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை. கீழே டீக்கடை அண்ணாச்சியிடம் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். "அது ரத்தத்துல இருக்குவே. ஒருத்தன் பாம்பு கடிச்சும் பொழைப்பான், ஒருத்தன் தேளு கொட்டியே போயிருவான்" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து படித்துப் பார்த்தால், மனுஷன் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஹெபடைடிஸ் சி தொற்றிய நூறு பேரில் 15 முதல் 45 பேர் வரைக்கும், எந்த மருந்தும் இல்லாமல் ஆறு மாசத்துக்குள் உடம்பே வைரஸை விரட்டிவிடுகிறது. மீதிப் பேருக்குத்தான் அது ஈரலில் குடியிருந்து, பத்து இருபது வருஷம் சத்தமில்லாமல் கிடந்து, சுருக்கத்திலோ புற்றிலோ கொண்டுபோய் விடுவது. ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு ஒரு பெரிய துப்பு 2009இல் கிடைத்தது. நம் 19ஆம் குரோமோசோமில் ஐ.எல்.28பி என்று ஒரு மரபணு, அதன் பக்கத்தில் ஓர் இடத்தில் ஒரே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் 'சி' என்ற எழுத்தே வந்திருந்தால் வைரஸ் தானாக விலகுகிற வாய்ப்பு அதிகம், 'டி' கலந்தால் குறைவு. வைரஸை எதிர்த்து உடம்பு சுரக்கிற ஒருவகை இன்டர்ஃபெரானோடு சம்பந்தப்பட்ட மரபணு அது. பெண்களுக்கும் விலகுவது கொஞ்சம் அதிகம், கூடவே எச்.ஐ.வி. இருந்தால் குறைவு.

இதைக் கண்டுபிடிக்க உதவிய ரத்தம் யாருடையது தெரியுமா? அமெரிக்காவில் பால்டிமோரில் 1988இலிருந்து, ஊசியில் போதை ஏற்றுகிறவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து ரத்தம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த ரத்தமும் அந்த ஆய்வில் இருந்தது. நம் தெருவில் யாரும் திண்ணையில் உட்கார விடாத ஆட்கள்தான் அவர்களும். அவர்கள் கையை நீட்டியதால் உலகத்துக்கே ஒரு விஷயம் தெரிந்தது.

எச்.ஐ.வி.க்கும் இப்படி ஒன்று உண்டு. அந்த வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய சி.சி.ஆர்.5 என்ற கைப்பிடியைப் பிடித்துத்தான் உள்ளே வர வேண்டும். சிலருக்கு அந்த மரபணுவில் 32 எழுத்து உதிர்ந்துபோய், கதவில் கைப்பிடியே இருப்பதில்லை. 1996இல் இது தெரியவந்தது. வட ஐரோப்பாவில் நூற்றில் ஒருவருக்கு அப்பா, அம்மா இரண்டு பக்கமும் அப்படி வந்திருக்கும். நம் பக்கம் தேடினாலும் கிடைப்பது அபூர்வம், அதனால் யாரும் அதை நம்பி இருக்க வேண்டாம். கைப்பிடி இல்லாதவர்களிலும் சிலருக்கு, வேறு கதவு வழியாக வருகிற ரகம் தொற்றியிருக்கிறது. அதே மாற்றம் ஹெபடைடிஸ் சி-யைத் தடுப்பதும் இல்லை.

ஐ.எல்.28பி விஷயத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அந்த எழுத்து வைரஸ் உள்ளே வந்த பிறகுதான் வேலைக்கு வருகிறது, வராமல் தடுப்பதில்லை. உள்ளே வருவது சிரிஞ்சு, கரைக்கிற மூடி, பஞ்சு, தண்ணீர் இவற்றோடு சேர்ந்த கதை. சிரிஞ்சுக்குள் தங்கிய சொட்டு ரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை லேபில் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை விரட்டினவனுக்கு மறுபடியும் தொற்றும், அந்த ஆன்டிபாடி காவல் காக்காது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு இல்லை.

நம்ம தப்பித்த ஆள் இதையெல்லாம் எங்கே கேட்டான்! "என் பாடி வேறண்ணே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் கூட்டாளியோ பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசம், தினம் போட்டுக்கொண்டு 12 வாரம். முன்பு வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி, 24 வாரம் 48 வாரம் என்று இழுக்கும், அப்போது மருந்து கேட்குமா கேட்காதா என்பதையே அந்த 'சி', 'டி' எழுத்து பெரிதும் தீர்மானித்தது. இப்போதைய மாத்திரையில் எந்த எழுத்துக்காரனாக இருந்தாலும் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. இவனுக்கும் ஆனது. பழக்கத்தை விடுவதற்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைக்கும் போய்க்கொண்டிருக்கிறான். சில நாள் போகாமலும் இருக்கிறான், பொய் சொல்வானேன்.

ரத்தத்தில் வைரஸே இல்லாத அந்தத் தப்பித்த ஆளுக்கு நடந்த கூத்தைக் கேளுங்கள். ஆன்டிபாடி சீட்டை மட்டும் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் பல் பிடுங்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆன்டிபாடி என்பது வைரஸ் வந்துபோன தடம், ஆயுசுக்கும் நிற்கும். படித்தவர்களுக்கே இது தெரியவில்லையென்றால் யாரிடம் போய்ச் சொல்ல.

போன வாரம் அவனே வந்தான். கண் லேசாக மஞ்சளாக இருந்தது.

"எனக்கு அந்த நல்ல ஜீன் இருக்கான்னு டெஸ்ட் எடுக்கலாமாண்ணே?"

"எடுக்கலாம்டே. இருந்துட்டா என்ன செய்யப் போற?"

பதில் சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டான். வலது கையில் நரம்பே கிடைக்கவில்லை, இடது புறங்கையில் மூன்றாவது தடவைதான் ரத்தம் வந்தது. ஆர்.என்.ஏ. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறேன், ரிசல்ட் புதன்கிழமை.