நாளுக்குநாள்

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்குப் பாளையங்கோட்டை வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் ஆஸ்பத்திரியில் முதல் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். இடது கையில் பிஸ்டுலா போட்ட இடம், அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம், புடைத்திருக்கும், அதில் விரலை வைத்தால் உள்ளே தேனீயை அடைத்து வைத்த மாதிரி ஓர் அதிர்வு. அந்த அதிர்வு நின்றால் உடனே ஓடி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் கையைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். பைபிளைக்கூட அப்புறம்தான் எடுக்கிறேன்.

முதல் இரண்டு மாதம் நான் பண்ணியது ஒரே ஜெபம்தான். ஒரே ராத்திரியில் எல்லாம் சரியாகிவிட வேண்டும். ஆகவில்லை. வீட்டுக்குப் பார்க்க வந்த ஒருத்தர் காப்பியைக் குடித்துக்கொண்டே "விசுவாசம் குறைச்சலா இருக்குமோம்மா" என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று இங்கே பொய் எழுத மாட்டேன், முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கணக்குப் போட்டேன், போட்டிருக்கவே கூடாது. வருஷத்துக்கு 156 தடவை, தடவைக்கு இரண்டு ஊசி, மொத்தம் 312 குத்து. அதை நினைத்ததும் நெஞ்சை அடைத்தது. அன்றைக்கு ராத்திரி குடும்ப ஜெபத்தில் முறைப்படி வந்த பகுதி யாத்திராகமம் 16, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த மன்னா என்ற உணவைப் பற்றியது. தலைக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு உள்ளது மட்டும். நாளைக்கு என்று பத்திரப்படுத்தினவர்களுக்கு அது புழுத்து நாறிப்போனது, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் விலக்கு. சண்டே ஸ்கூலில் படம் வரைந்து கலர் அடித்த கதைதான், ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. 312 குத்துக்குமான பலத்தை ஒரே நாளில் கொடும் என்று கர்த்தரிடம் அடம்பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைய இரண்டு ஊசிக்கு மட்டும் கேட்டால் என்ன?

பவுல் இரண்டாம் கொரிந்தியரில் உள்ளான மனுஷன் "நாளுக்குநாள்" புதிதாக்கப்படுவதாகத்தான் எழுதுகிறார். ஒன்று குறைய நாற்பது அடி ஐந்து தரம் வாங்கினவர், மூன்று தரம் கப்பல் உடைந்து தப்பினவர். சொகுசாக உட்கார்ந்து எழுதியதில்லை.

இப்போது நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. மிஷின் ஓட ஆரம்பித்ததும் அப்பாவுக்கு ஒரு சங்கீதம் வாசிப்பேன், மெதுவாக, பக்கத்துப் படுக்கைக்காரர் தூக்கம் கெடாமல். ஆறுதல் சங்கீதமாகப் பொறுக்குவதை விட்டுவிட்டேன். 13-ல் தாவீது எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று நேராகவே கேட்கிறார். 88 கடைசி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது. அதை வாசித்த அன்றைக்கு அப்பா கண்ணைத் திறக்காமலே "இவனுக்கும் நம்ம கதைதான் போல" என்று சிரித்தார். சண்டை போடுகிற ஜெபமும் ஜெபம்தான் என்று தெரிந்ததில் எனக்குப் பாதி பாரம் குறைந்தது.

அங்கே படுத்துக்கொண்டு அப்பா அடிக்கடி பேசுவது டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி. 1931-ல் குழியில் தவறி விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர், 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் தன் அறையிலேயேதான் கிடந்தார், அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். அவருக்காக ஜெபிக்காத ஆளா அங்கே இருந்திருப்பார்கள்? கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அங்கே பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. "இருபது வருஷம் பிள்ள, நமக்கு ஒண்ணேகால்தானே" என்பார் அப்பா. இந்தக் கணக்கு எனக்குப் பிடிப்பதே இல்லை, ஆனால் சொல்லும்போது அவர் முகம் தெளிவாக இருப்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

இன்றைக்கு வியாழன். ஐந்து மணிக்கு லைட்டைப் போட்டதும் அவரே கையை நீட்டினார்.

"இருக்காம்மா?"

"இருக்குப்பா."

"அப்போ ஆட்டோவைக் கூப்பிடு."