555 ஐசியில் சர்வோ ஓட்டும் மினி புராஜெக்ட்: சர்வோவைக் கடைசியில் மாட்டுங்கள்

ஆர்டுயினோ இல்லாமல், புரோகிராம் எழுதாமல் ஒரு சர்வோ மோட்டாரை (சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும் மோட்டார்) ஓட்டிக் காட்ட நினைக்கும் டிப்ளமோ, இன்ஜினியரிங் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு 555 ஐசி (டைமர் சிப்), ஒரு டயோடு, இரண்டு ரெசிஸ்டர், ஒரு பாட் (திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), சில கெப்பாசிட்டர், ஒரு எஸ்ஜி90 சர்வோ. பொருள் அவ்வளவுதான். ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்க இதில் நிறைய இருக்கிறது, புரிந்து செய்தவர்களுக்குச் சொல்லவும் நிறைய இருக்கிறது. நான் இதை எடுத்ததற்குக் காரணம் அதுதான். ஜூனியர்கள் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

பெரும்பாலும் எல்லாவற்றையும் பிரெட்போர்டில் செருகி, சர்வோவையும் சேர்த்துக் கரண்ட் கொடுத்துவிடுகிறார்கள். சர்வோ உதறும். இல்லையென்றால் ஓர் ஓரத்தில் முட்டிக்கொண்டு இரையும். தப்பு பல்ஸிலா (555 சர்வோவுக்கு அனுப்பும் சின்ன மின் துடிப்பு), பவரிலா, சர்வோவிலேயேவா? அந்த நிலையில் யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் பல்ஸ், அப்புறம் பவர், கடைசியில் சர்வோ.

சர்வோவுக்கு ஏறக்குறைய 20 மில்லி விநாடிக்கு ஒரு பல்ஸ் வேண்டும். பல்ஸின் அகலம் 1 மில்லி விநாடி என்றால் ஒரு பக்கம், 1.5 என்றால் நடு, 2 என்றால் மறுபக்கம். பாடப்புத்தகத்தில் இருக்கும் சாதாரண அஸ்டேபிள் சர்க்யூட்டால் (தானாகவே ஆன், ஆஃப் ஆகிக்கொண்டே இருப்பது) இதைத் தர முடியாது. அதில் கெப்பாசிட்டர் இரண்டு ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் ஆகி, ஒன்றின் வழியாக மட்டும் டிஸ்சார்ஜ் ஆகிறது. ஆகவே டியூட்டி சைக்கிள், அதாவது ஒரு சுற்றில் அவுட்புட் ஆனில் இருக்கும் பங்கு, 50 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. நமக்கு வேண்டியதோ 5 முதல் 10 சதவீதம். இதற்குத்தான் அந்த டயோடு. இரண்டாவது ரெசிஸ்டருக்குக் குறுக்கே 1என்4148 ஒன்றைப் போடுங்கள். அனோடு 7ஆவது பின்னில், பட்டை போட்ட பக்கம் 6ஆவது பின்னில். இப்போது சார்ஜ் ஆவது முதல் ரெசிஸ்டர் வழியாக, டிஸ்சார்ஜ் ஆவது இரண்டாவதன் வழியாக. இரண்டையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம்.

டைமிங் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோ ஃபாரட், அதாவது 104 என்று அச்சிட்டது. மலிவான செராமிக் டிஸ்க் வேண்டாம், பாலியஸ்டர் வாங்குங்கள். சூட்டில் மதிப்பு அவ்வளவாக நகராது. இரண்டாவது ரெசிஸ்டர் 270 கிலோ ஓம். 0.693 × 270 கிலோ ஓம் × 0.1 மைக்ரோ ஃபாரட், சுமார் 18.7 மில்லி விநாடி. இது சரியாகவே வரும்.

முதல் ரெசிஸ்டரில்தான் விஷயமே இருக்கிறது. அதே சூத்திரத்தில் போட்டால் 1.5 மில்லி விநாடிக்கு 21.6 கிலோ ஓம் வேண்டும். ஆனால் 5 வோல்ட் சப்ளையில் சிஆர்ஓவில் (ஆசிலோஸ்கோப்பில்) பார்த்தால் சுமார் 16 கிலோ ஓமிலேயே 1.5 வந்துவிடுகிறது. கெப்பாசிட்டரின் டாலரன்ஸ் என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள், காரணம் டயோடு. அது சுமார் 0.6 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. கெப்பாசிட்டர் 5 வோல்ட்டை நோக்கி ஏறவில்லை, 4.4 வோல்ட்டை நோக்கி ஏறுகிறது. ஆனால் ஐசிக்குள் இருக்கும் மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், சார்ஜ் தொடங்கும், முடியும் எல்லைகளை அதே 1.67, 3.33 வோல்ட்டில்தான் வைத்திருக்கின்றன. எல்லை மாறவில்லை, ஏறும் வேகம் குறைந்துவிட்டது. அதனால் 0.693 என்ற எண் சுமார் 0.94 ஆகிவிடுகிறது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 10 கிலோ ஓம் பாட் ஒன்றைத் தொடராகப் போட்டால் ஏறக்குறைய 0.94 முதல் 1.88 மில்லி விநாடி வரை கிடைக்கும். நமக்கு அது போதும். என் வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) முதலில் கைவைத்தது இந்த இடத்தில்தான். கணக்கில் ஒரு மதிப்பு, போர்டில் வேறு மதிப்பு, ஏன் என்றார். ரெக்கார்டு நோட்டில் இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து எழுதி வைத்திருந்தேன். நீங்களும் அப்படியே எழுதி வையுங்கள்.

சிஆர்ஓ கிடைக்கவில்லையா? வீட்டிலேயே சோதிக்கலாம். 0.1 மைக்ரோ ஃபாரட்டை எடுத்துவிட்டு 10 மைக்ரோ ஃபாரட் போடுங்கள். எல்லாமே நூறு மடங்கு மெதுவாகும். 3ஆவது பின்னில் 330 ஓமோடு ஓர் எல்இடி. இரண்டு விநாடிக்கு ஒருமுறை சட்டென்று மின்னி அணைந்தால் சர்க்யூட் சரி. பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்திருந்தால் டயோடு இணையவே இல்லை. எரிந்துகொண்டே இருந்து, இடையில் துளி நேரம் மட்டும் அணைந்தால் டயோடு தலைகீழ். பிறகு பழைய கெப்பாசிட்டரைத் திரும்பப் போட்டு, எல்இடியையும் எடுத்துவிட்டு, 3ஆவது பின்னை மல்டிமீட்டரில் டிசி வோல்ட்டில் பாருங்கள். பாட்டைத் திருப்பும்போது 0.17இலிருந்து 0.32 வோல்ட் வரை, அதை ஒட்டி ஏறி இறங்க வேண்டும்.

அடுத்தது பவர். சதுரமான 9 வோல்ட் பேட்டரியைத் தொடவே வேண்டாம். எஸ்ஜி90க்கு உரியது 4.8 முதல் 6 வோல்ட். தவிர, சர்வோ முட்டி நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தப் பேட்டரி தாங்காது. 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் நல்லது. சர்வோவின் சிவப்பு, பழுப்பு ஒயர்களைச் சப்ளை வரும் இடத்திலேயே கொடுங்கள், 555ஐத் தாண்டிக் கொண்டுபோக வேண்டாம். அங்கேயே ஒரு 470 மைக்ரோ ஃபாரட். 555இன் 8ஆவது பின்னுக்கும் 1ஆவது பின்னுக்கும் நடுவே ஒரு 104. சர்வோ இழுக்கும்போது வோல்ட்டேஜ் சரிந்தால் 555இன் பல்ஸ் அகலமும் மாறும். பல்ஸ் மாறினால் சர்வோ மறுபடி நகரும், மறுபடி இழுக்கும். நிற்காமல் உதறும் சர்வோக்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படித்தான்.

லேபில் ஆர்பிஎஸ் (வோல்ட்டேஜ் மாற்றிக்கொள்ளும் பவர் சப்ளை) பயன்படுத்தினால் கரண்ட் லிமிட் குமிழைக் கவனியுங்கள். முந்தைய பேட்ச் அதைக் குறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கும். சர்வோ அசையும்போதெல்லாம் சிசி விளக்கு (கரண்ட் எல்லையைத் தொட்டதைக் காட்டுவது) எரிந்து வோல்ட்டேஜ் விழும். குமிழை ஏற்றினாலே சரியாகிவிடும், சர்க்யூட்டைப் பிரிக்கத் தேவையில்லை. பிரெட்போர்டின் பவர் வரிசை நடுவில் துண்டாக இருக்கிறதா என்றும் மல்டிமீட்டர் பீப்பில் பார்த்துவிடுங்கள். நீளமான போர்டுகளில் பலவற்றில் அப்படி இருக்கும்.

இப்போது சர்வோவுக்குப் பல்ஸ் போகும் ஆரஞ்சு ஒயரை 3ஆவது பின்னில் கொடுங்கள். பாட்டை நடுவில் வைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். ஓரத்தில் முட்டி இரைந்தால் அந்தப் பக்கம் பல்ஸ் அகலம் அந்தச் சர்வோவின் எல்லையைத் தாண்டுகிறது. முதல் ரெசிஸ்டரைச் சற்றே மாற்றினால் போதும்.

வைவாவில் இன்னும் இரண்டு கேள்விகள் வரக்கூடும். பாட்டைத் திருப்பினால் பிரீக்வென்சியும் கொஞ்சம் மாறுகிறதே, பரவாயில்லையா? பரவாயில்லை, சர்வோ பார்ப்பது பல்ஸின் அகலத்தை. கையால் தள்ளினால் ஏன் எதிர்க்கிறது? உள்ளே கியரோடு இன்னொரு பாட் சுற்றுகிறது. அது சொல்லும் நிலையையும் பல்ஸ் கேட்கும் நிலையையும் உள்ளிருக்கும் போர்டு ஒப்பிட்டு மோட்டாரைத் திருப்புகிறது. சொல்லும்போதே ஆரஞ்சு ஒயரைப் பிடுங்கிக் காட்டுங்கள். எஸ்ஜி90இல் அந்த எதிர்ப்பு உடனே போய்விடும்.