தினமும் பழகிய ஒரு குரல்: பெருந்தொற்றுக் காலத்தில் முதியவர்களுக்குத் துணை நின்ற அனுபவம்

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று கொரோனா தொற்றை உலகளாவிய பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்தபோது எங்கள் பகுதியில் யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. மார்ச் 11 அன்று அதே நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டு, வயதானவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்ற அறிவுரை எல்லாத் திசையிலிருந்தும் வரத் தொடங்கிய பிறகுதான், வெளியே வராமல் அவர்கள் எப்படி வாழ்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. மருந்து, பால், காய்கறி, வங்கி, மருத்துவர் என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் போய்வர வேண்டும். பிள்ளைகள் தொலைவில் இருக்க, தம்பதியராகவோ தனியாகவோ வாழ்பவர்களுக்கு அந்த யாரோ ஒருவர் இல்லை. அக்கம்பக்கத்தினர் சிலர் சேர்ந்து அந்த இடத்தை நிரப்ப முயன்றோம். அதில் நான் கற்றவற்றை, இனி இதுபோன்ற நெருக்கடியில் இந்தப் பணியை ஏற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை பட்டியல் எடுப்பது. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அப்படி இல்லை. உதவி தேவைப்படுவோர் என்ற தலைப்பில் தம் பெயர் இருப்பதைப் பலர் விரும்பவில்லை. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், "நான் நோயாளி இல்லையே, எதற்கு என் பெயரை எழுதுகிறீர்கள்?" என்று நேராகவே கேட்டார். அவர் கேட்டது நியாயம். அவரையே அழைப்பாளராக இருக்கும்படி வேண்டினோம். மறுநாள் முதல் மற்றவர்களைத் தொலைபேசியில் விசாரிக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். எங்கள் குழுவில் அவரைவிடக் கூர்மையாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. முதியவர்கள் என்றாலே உதவி பெறுபவர்கள் என்று வைத்துக்கொண்டால், அனுபவமுள்ள பாதிப்பேரை நாம் வீணாக்கிவிடுவோம்.

பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்பதில் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்தோம். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், அவருக்கு என்ன நோய், அவருடைய பிள்ளையின் எண் என்ன என்பவை எல்லாம் ஒரே தாளில் இருந்தால், அது தவறான கைக்குப் போவதைவிட ஆபத்து வேறில்லை. ஒவ்வொரு அழைப்பாளரிடமும் அவர் விசாரிக்கும் சிலரின் விவரம் மட்டுமே இருந்தது. முழுப் பட்டியல் இருவரிடம் இருந்தது. அவசரத்தில் யாரை முதலில் அழைக்கவேண்டும், எந்த மருத்துவரிடம் சிகிச்சை, எந்த மருந்துகள், எவற்றுக்கு ஒவ்வாமை, மாற்றுச் சாவி யாரிடம் என்ற விவரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, அவரவர் வீட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டவைத்தோம். மருத்துவமனைக்குக் கிளம்பும் பதற்றத்தில் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனாலே போதும்.

இந்த முயற்சியில் உண்மையாகவே உயிர் காத்தது எது என்று என்னைக் கேட்டால், ஒரு முதியவரை ஒரே ஆள் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழைத்ததுதான் என்பேன். ஆட்களை மாற்றி மாற்றி அழைத்தால் வேலை குறையும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் புதியவரிடம் எல்லோரும் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். பழகிய குரலிடம்தான் நேற்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை என்பது வெளிவரும். மருத்துவ ரீதியாகவும் இதற்குக் காரணம் உண்டு. முதியவர்களுக்குத் தொற்று வரும்போது காய்ச்சலும் இருமலும் முதலில் வரவேண்டும் என்பதில்லை. வயதாக ஆக உடலின் இயல்பான வெப்பநிலையே சற்றுக் குறைந்திருப்பதாலும், நோய் எதிர்ப்பு வினை மந்தமாவதாலும், காய்ச்சலே இல்லாமல் பசியின்மை, வழக்கத்துக்கு மாறான தூக்கம், தடுமாறி விழுதல், திடீர் மனக்குழப்பம் ஆகியவையே முதல் அறிகுறிகளாக வரக்கூடும். திடீரென்று வரும் அந்தக் குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். வயதாகிவிட்டது, ஏதோ பேசுகிறார் என்று வீட்டார் அதை விட்டுவிடுவதுதான் வழக்கம்.

ஓர் அம்மாவை எங்கள் குழுவின் இளைஞர் ஒருவர் தினமும் மாலையில் அழைப்பார். "தம்பி, பரீட்சைக்குப் படித்தாயா?" என்று கேட்காமல் அவர் பேச்சைத் தொடங்கியதே இல்லை. ஒரு நாள் அந்தக் கேள்வி வரவில்லை. அன்று என்ன கிழமை என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இருந்தது. சாப்பிட்டாரா என்று கேட்டதற்கு, இறந்துபோன தம் கணவர் வெளியே போயிருப்பதாகவும் வந்ததும் சாப்பிடுவதாகவும் பதில் சொன்னார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூச்சு வாங்குவதாகவும் அவர் சொல்லவில்லை. முகக்கவசத்துடன் பக்கத்து வீட்டார், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை எடுத்துச்சென்று பார்த்தபோது அளவு 88 சதவீதம் என்று காட்டியது. அன்றிரவே அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். சில வாரங்களில் வீடு திரும்பினார். கிழமை தவறிய அந்த ஒரு வாக்கியத்தைப் புதிதாக அழைத்தவர் எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள்.

ஆக்சிமீட்டரைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் பூச்சு இருந்தாலும், கை நடுங்கினாலும் அளவு தவறாக வரும். கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆகவே சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலையாக நின்ற பிறகே குறித்துக்கொள்ளும்படி சொல்லிக்கொடுத்தோம். 94க்குக் கீழே போனால் உடனே மருத்துவரிடம் பேசவேண்டும், 90க்குக் கீழே போனால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும் என்று தாளில் எழுதியும் கொடுத்தோம். ஏற்கெனவே நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அவரவர் மருத்துவர் சொன்ன அளவைத் தனியாகக் குறித்துவைத்தோம்.

மருந்து விஷயத்தில் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. வழக்கமாக வாங்கும் நிறுவனத்தின் மாத்திரை கிடைக்காமல், அதே மருந்தை வேறு பெயரில் கடைக்காரர்கள் கொடுத்தார்கள். பழைய அட்டையில் மீதமிருந்ததும் புதிய அட்டையும் ஒரே மருந்துதான் என்று தெரியாமல், ரத்த அழுத்த மாத்திரையைச் சிலர் இரண்டு முறை போட்டுக்கொண்டார்கள். தலைசுற்றி ஒருவர் விழுந்த பிறகே காரணம் தெரிந்தது. அதன்பின் மருந்து வாங்கிக் கொடுக்கும்போதே அட்டையின் மீது மூலப்பெயரையும் வேளையையும் எழுதி, பழைய அட்டையைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லி, தொலைபேசியிலேயே ஒருமுறை படித்துக்காட்டச் செய்தோம். ஒரு மாதத்துக்குக் குறையாத மருந்து கையிருப்பில் இருக்கும்படியும் பார்த்துக்கொண்டோம்.

வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச்சீட்டுகள் இதைவிடப் பெரிய கவலையாக இருந்தன. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிரிழப்பைக் குறைக்கிறது என்ற செய்தி 2020 ஜூன் மாதத்தில் வந்தது. அது உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் அல்லது செயற்கைச் சுவாசம் தேவைப்பட்ட நோயாளிகளுக்குத்தான் அந்தப் பலன் கிடைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் காணப்படவில்லை. செய்தியின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, லேசான தொற்றுக்கே அதை விழுங்க ஆயத்தமானவர்களைத் தடுப்பது எளிதாக இருக்கவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை வெகுவாக உயர்த்திவிடும் என்று பொறுமையாக விளக்கினோம். அப்படிச் சொன்னபோது கேட்டுக்கொண்டார்கள். முதியவர்களிடம் காரணத்தைச் சொல்லாமல் கட்டளை மட்டும் இட்டால் அவர்கள் கேட்பதில்லை, கேட்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

பணத்தைக் கையாள்வதில் ஒரே விதியைத்தான் வைத்திருந்தோம்: ஏடிஎம் அட்டையையோ ரகசிய எண்ணையோ யாரிடமும் வாங்குவதில்லை. நாங்கள் கொடுத்த பணத்துக்கு ரசீதைக் காட்டிப் பிறகு பெற்றுக்கொண்டோம். தடுப்பூசிக்குப் பதிவு செய்கிறோம் என்று சொல்லி ஓடிபி கேட்ட மோசடி அழைப்புகள் வரத் தொடங்கியபோது, அழைப்பவரின் குரல் பழகியதா இல்லையா என்பதே அவர்களுக்குப் பாதுகாப்பாக அமைந்தது. "நீ என் பிள்ளை குரல் இல்லையே" என்று சொல்லி ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் அடைந்திருந்த மாதங்களின் விலையை நாங்கள் தாமதமாகத்தான் உணர்ந்தோம். நடமாட்டம் குறைந்தால் முதியவர்களின் தசைவலு விரைவாகக் குறைந்துவிடும். தொற்றே வராமல் தப்பித்தவர்கள்கூடக் கைப்பிடியில்லாமல் நாற்காலியிலிருந்து எழமுடியாத நிலைக்கு வந்தார்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவைப்பது, பேசி முடியும்வரை கூடத்தில் நடக்கவைப்பது என்று அழைப்பையே பயிற்சியாக மாற்றினோம். காது மந்தமானவர்களுக்குத் தொலைபேசி உதவவில்லை. முகக்கவசம் உதட்டசைவை மறைத்ததால் நேரிலும் அவர்கள் தவித்தார்கள். அவர்களுக்கு வாசலில் நின்று சிலேட்டில் எழுதிக் காட்டினோம். துணையை இழந்தவர்களுக்கு நாங்கள் செய்ய முடிந்தது மிகக் குறைவு. இறுதிச் சடங்குக்கு உறவினர் வரமுடியாமல் போன ஒரு பெரியவர், பல வாரங்கள் தம் மனைவியைப் பற்றி மட்டுமே பேசினார். அழைத்தவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

தடுப்பூசி வந்தபோது பதிவு செய்வது, சக்கரநாற்காலி ஏற்பாடு செய்வது, ஊசிக்குப் பின் கண்காணிப்பு நேரம் முடியும்வரை உடனிருப்பது என்று வேலை நேராகவே நடந்தது. ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் அதை ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று நினைவூட்டினோம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அழைப்புகளை நிறுத்தலாமா என்று எல்லோரையும் கேட்டோம். சிலர் போதும் என்றார்கள், பலர் வாரம் ஒருமுறையாவது வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னபடியே செய்கிறோம். 2003 ஆகஸ்டில் பிரான்சில் வீசிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், தனித்து வாழ்ந்தவர்கள் பலர். வயதாகும்போது தாக உணர்வு மங்கிவிடுவதால், தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. அதனால் வெயில் கடுமையாகும் நாள்களில் எங்கள் அழைப்புகள் மறுபடியும் தினசரி அழைப்புகளாகின்றன. கதவில் ஒட்டிய தாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். மருந்துகளும் பிள்ளைகளின் எண்களும் அதற்குள் மாறிவிடுகின்றன.