ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

என் தாயார் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது, மலையில் மயங்கி விழுந்த அன்றுதான் தெரிய வந்தது. அதற்கு முன்னர் அவருடைய கையில் பிரஷர் பார்க்கும் பட்டி கடைசியாகச் சுற்றப்பட்டது, என் தம்பி வயிற்றில் இருந்தபோது. இடையில் 22 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதை யாருடைய அலட்சியம் என்றும் சொல்லிவிட முடியாது. தோட்டச் சுகாதாரம் தொடக்கத்திலிருந்தே தாயையும் பிள்ளையையும் தொற்று நோயையும் மையமாக வைத்து வளர்ந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே, பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. (துரைமாரின் இரக்கத்தைவிட, ஆள் குறையக் கூடாது என்ற கணக்கே அதில் பெரிதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.) 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போன பின்னரும் அந்த அடித்தளம் மாறவில்லை. இன்றும் மருத்துவமாது படியேறி, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கே வருகிறார், பிள்ளைக் காம்பரா என்னும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் குழந்தைகளை நிறுக்கிறார்கள், திரிபோஷ என்ற சத்துமா கிடைக்கிறது. அதிலும் வேலை முடிந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். ஆயினும் அந்தச் சேவை ஆட்களைத் தேடி வரும் சேவை என்பதை மறுக்க முடியாது.

பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணையும், எந்த வயதிலும் ஆணையும் தேடி யாரும் வருவதில்லை. பிரஷர், சீனி வருத்தம், வெற்றிலையோடு புகையிலை போடுவதால் வரும் வாய்ப்புற்றுநோய் ஆகியவற்றுக்கெல்லாம் நாம்தான் போக வேண்டும். மாதாந்தக் கிளினிக் நடப்பது வேலை நாளில், காலையில். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளத்துக்கான வரவுப் பதிவு, போய்விடும். முச்சக்கர வண்டிக் கூலி வேறு. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை இப்பகுதிக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிதானாலும், பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகாதவருக்கு அது பேர் போடாது.

தோட்ட மருந்தகத்தில் இருப்பவர் பெரும்பாலும் வைத்தியப் பட்டம் பெற்றவர் அல்லர். தோட்ட வைத்திய உதவியாளர்தான். எங்கள் மக்களுக்கு அவர் எப்போதும் ‘டாக்டர் ஐயா’. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாதம் ஒருமுறை அவரோ ஒரு தாதியோ பிரஷர் கருவியுடன் வந்தால், வரிசையில் கூடையோடு நிற்கும் பெண்களைப் பேர் இழக்கவிடாமல் பரிசோதித்துவிடலாம். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. தமிழ் பேசக்கூடியவராக இருந்தால் போதும்.

ஏனெனில் பேசினால்தான் சில விடயங்கள் வெளியே வரும். அம்மாவுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் ஒன்று, உடலில் மிகுந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. காலையில் ஒன்று என்று சிங்களத்தில் எழுதிய சிறிய காகித உறையில் அதைத் தந்திருந்தார்கள். மூன்று மாதங்களாகியும் அழுத்தம் இறங்காததால், மருந்தை ஒழுங்காகக் குடிப்பதில்லை என்று கிளினிக்கில் ஏசினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து உறையைக் கொட்டி எண்ணியபோது எனக்கு விளங்கியது: விடுமுறை நாள் மாத்திரைகள் மட்டுமே குறைந்திருந்தன. எங்கள் தோட்டத்து மலைகளில் கழிப்பறை கிடையாது. கங்காணி பார்த்துக்கொண்டிருக்க, மணிக்கு இரண்டு முறை தேயிலைக்குள் ஒதுங்கப் போக எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

அம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்; காலையில் சாயத்தண்ணியோடு மாத்திரையையும் தவறாமல் குடிக்கிறார். அடுத்த காம்பராவில் இருக்கும் சித்திக்கு இன்னும் ஆறு வருட வேலை பாக்கி இருக்கிறது. அவருடைய மாத்திரைகள் சாமிப் படத்துக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைக்காக இருக்கின்றன.