ஒரு குளவிக்குப் பெயர் வைக்க இரண்டு வருடம்

கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக நேற்றிரவு மின்னஞ்சல் வந்தது. ஐந்து மில்லிமீற்றர் நீளமான ஒரு கறுப்புக் குளவிக்குப் பெயர் வைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. குளவியோடு இருந்த நேரம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கந்தோர் வாசலில் போனது. அடுத்து இதில் இறங்குகிறவர்கள் இப்படி அலையக் கூடாது.

முதல் குளவி திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில், பூச்சி பிடிக்க நான் வைத்த மஞ்சள் கிண்ணத்தில் விழுந்தது. வேறு பூச்சிகளுக்குள் வளரும் சல்சிடிடே குளவிக் குடும்பம் என்று பார்த்ததுமே தெரிந்தது: பின்னங்காலின் தொடை உப்பி, கீழ் விளிம்பில் பல் வரிசை. அந்தப் பற்களின் எண்ணிக்கை நமக்குத் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கையில் இருந்தது ஒரே ஒரு பெண். அதை மட்டும் வைத்துப் புதிய இனம் என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

சரி, கன்னியாப் பக்கம் காட்டோரத்தில் தேடலாம் என்றால், பூச்சி பிடிக்கத் தந்த அனுமதிக் கடிதத்தில் கன்னியா இல்லை. விண்ணப்பத்தில் இரண்டு இடமும் எழுதியிருந்தேன்; தட்டச்சில் ஒன்று விடுபட்டிருக்கிறது. “பிள்ளை, இதில நிலாவெளி எண்டுதான் கிடக்கு. கொழும்பில போய்த் திருத்திக்கொண்டு வாங்கோ” என்றார் எழுதுவினைஞர். இரவு பஸ்ஸில் போனேன். கையெழுத்து வைப்பவர் லீவு. அடுத்த கிழமை போனேன். என் விண்ணப்பத்தையே காணவில்லை. மூன்றாம் முறை என்னிடமிருந்த பிரதியோடு போனதால் தப்பினேன். அந்தமுறை உவர்மலையில் எங்கள் வளவையும் சேர்த்து எழுதினேன். கடிதம் வந்த கையோடு ஒக்டோபர் மழையும் வந்தது. கிண்ணமெல்லாம் நிரம்பி வழிந்தது. கடிதம் தரும் மேசையிலேயே நின்று ஒவ்வொரு இடப்பெயரையும் விரல் வைத்து வாசியுங்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேறு அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பிய முதல் குளவியின் கால் வீணானது என் பிழை. கடை ஸ்பிரிட்டில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன். நம் ஊர் வெக்கைக்கு அது சரிவராது. 95 வீத எதனோலில் போட்டு உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள்.

மழை விட்ட பிறகு, எதிர்பாராத இடத்தில் வழி திறந்தது. வீட்டுத் தேசி மரத்தைப் புழு தின்கிறதென்று அம்மா மருந்தடிக்கப் போனார். தடுத்து, ஆறு கூட்டுப்புழுக்களை ஜாம் போத்தல்களில் போட்டுத் துணியால் வாய் கட்டினேன். மூன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சி வந்தது. மற்ற மூன்றையும் துளைத்துக்கொண்டு குளவி வந்தது: இரண்டு பெண், ஒரு ஆண். தொடைப் பற்களை எண்ணும்போது கை நடுங்கியது. அதே குளவி! எந்தப் புழுவில் வளர்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. கிண்ணத்தில் விழுந்த குளவியிடமிருந்து அதை அறிந்திருக்கவே முடியாது. ஒரு பெண்ணின் காலிலிருந்து 658 எழுத்து பார்கோட் துண்டு, அதாவது இனத்தை அடையாளம் காண உதவும் டி.என்.ஏ. பகுதி, முழுதாகக் கிடைத்தது.

பழைய மாதிரிகளோடு ஒப்பிடும் வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரான்சிஸ் வாக்கர் பெயரிட்ட இலங்கை இனங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் வரைவு திரும்பி வந்தது. ஹோலோடைப், அதாவது அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றை மாதிரி, எங்கே வைக்கப்படும் என்று நான் எழுதவில்லை. விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, 1999க்குப் பிறகு வரும் புதுப் பெயருக்கு அந்த விபரம் இல்லாவிட்டால் பெயர் செல்லாது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் அந்த விதிகளின் 2012 திருத்தத்தின்படி ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் முன்பே முடிந்து, அது கட்டுரைக்குள் தெரிய வேண்டும்.

ஆறு காலும் முழுதாக இருந்த மற்றப் பெண்தான் ஹோலோடைப். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகிறது. அதன் சிவப்பு லேபலில் உவர்மலையும் தேசி மரமும் இருக்கின்றன. இனி அந்த மரத்துக்கு மருந்தடிப்பதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.