120 தோல்விக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை

சிகாகோவில் ரெட் லைன் ரயில் ஏறித் தெற்கே போனால் 35-ஆம் தெரு ஸ்டேஷன் வரும். பெரிய நெடுஞ்சாலையின் நட்டநடுவே இருக்கிறது. பிளாட்பாரத்துக்கு இரண்டு பக்கமும் கார்கள் இரைச்சலோடு போய்க்கொண்டே இருக்கும். படியேறிப் பாலத்துக்கு வந்தால் மேற்கே வைட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மைதானம். 2024 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை மாலை அங்கே போய் இறங்கினேன். பக்கத்து ஊரான நேப்பர்வில்லில் சித்தி மகன் வீட்டில்தான் தங்கியிருந்தேன். “அந்த டீமைப் பார்க்கவா போறே?” என்று அவன் இரண்டு தடவை கேட்டான்.

கேட்டதில் தப்பில்லை. அன்றைக்கு அவர்கள் கணக்கு 36 வெற்றி, 120 தோல்வி. 1900-க்குப் பிறகு அதுவரை எந்த அணியும் ஒரே சீசனில் அதற்கு மேல் தோற்றதில்லை. 1962-ல் நியூயார்க் மெட்ஸும் 120-தான் தோற்றது. இன்னும் ஒன்று தோற்றால் வைட் சாக்ஸ் தனியாக அந்த இடத்துக்குப் போய்விடும். மெட்ஸுக்காவது அது முதல் வருடம். மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்களை வைத்துக் கட்டிய அணி. வைட் சாக்ஸ் 1901-லிருந்து அமெரிக்கன் லீகில் ஆடுகிற அணி. 2005-ல் வேர்ல்ட் சீரீஸ் என்ற சாம்பியன் பட்டத்தை வென்றது. 2021-ல் 93 ஆட்டம் ஜெயித்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. மூன்றே வருடத்தில் இப்படி ஆகிவிட்டது.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் உண்டு. நம் ஐபிஎல் அணி லீக் சுற்றில் 14 ஆட்டம் ஆடும். மோசமாக ஆடினால் இரண்டே மாதத்தில் துயரம் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. தோல்வி பேப்பர் போடுகிற பையன் மாதிரி தினமும் வாசலுக்கு வந்து நிற்கும்.

உள்ளே போவதற்கு முன் தெருவைத் தாண்டி எதிர்ப்புறம் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். 1910 முதல் 1990 வரை ஆடிய பழைய காமிஸ்கி பார்க் அங்கேதான் இருந்தது. பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட் இருந்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் ஒரு அப்பா தன் பிள்ளையை நிறுத்தி, கையில் இல்லாத மட்டையைப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே கறுப்புத் தொப்பி போட்டிருந்தார்கள்.

கூட்டம் 17,000-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 40,000 பேர் உட்காரக்கூடிய இடம் அது. உதிர்த்த சோளத்தில் வெண்ணெய், சீஸ், மிளகாய்த்தூள் போட்டு, எலுமிச்சை பிழிந்து கப்பில் கொடுத்தார்கள். எலோட்டே என்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு இடம் தேடி உட்கார்ந்தேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். எழுபது தாண்டியிருக்கும். மடியில் ஸ்கோர் நோட்டு, கையில் குட்டையாகச் சீவிய பென்சில். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் சின்ன வைரம் மாதிரி நான்கு கோடு. பந்தை மூன்று தடவை தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆனால் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுகிறார். ரன் எடுத்தால் வைரத்தை முழுக்க நிரப்புகிறார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு நோட்டை என் பக்கம் சாய்த்தார். முந்தைய பக்கங்களைப் புரட்டச் சொன்னார். ஏப்ரல், மே, ஜூன். ஒரு நாள்கூட விடவில்லை. வெளியூர் ஆட்டமென்றால் ரேடியோவில் கேட்டு எழுதுவாராம்.

அந்த நோட்டில் சீசன் முழுக்க இருந்தது. தொடங்கியதே 3 வெற்றி, 22 தோல்வியோடு. ஜூலை 10-லிருந்து வரிசையாக 21 தோல்வி. ஆகஸ்ட் 6-ல் ஓக்லண்டில் 5-1 என்று ஜெயித்துத்தான் அது நின்றது. இரண்டு நாள் கழித்து மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, மாற்றினார்கள். மே 23-ஆம் தேதிப் பக்கத்தில் பெரியவர் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பால்டிமோருக்கு எதிரான ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் விடாமல் துரத்தி 8-6 வரை வந்துவிட்டார்கள். அப்போது ஒரு பந்து வானத்துக்கு எழும்ப, பிடிக்க ஓடி வந்தவருக்குக் குறுக்கே வைட் சாக்ஸ் ஓட்டக்காரர் நின்றுவிட்டார் என்று நடுவர் சொல்ல, ஒரே பந்தில் இரண்டு அவுட். ஆட்டம் முடிந்தது. அந்தக் கட்டத்தை இரண்டு தடவை அழித்து எழுதிய தடம் தாளில் தெரிந்தது.

ஆடுகிறவர்கள் அக்கறை இல்லாமல் ஆடினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது டிலன் சீஸ் என்ற முக்கியமான பிட்சரை, அதாவது பந்து வீசுகிறவரை, சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். சீசன் தொடங்கி இரண்டு வாரத்துக்குள்ளேயே லூயிஸ் ராபர்ட், மொன்காடா, ஹிமெனெஸ் மூன்று பேருக்கும் காயம். நன்றாகப் பந்து போட்டுக்கொண்டிருந்த ஃபெட்டியை ஜூலையில் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சிய காரெட் குரோஷே அந்த சீசனில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். வெற்றி தோல்வியைப் பிட்சர் பேரிலும் எழுதுவார்கள். அவர் கணக்கில் எழுதப்பட்டது 6 வெற்றி, 12 தோல்வி. ஒருவர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் போதாமல் போவது எப்படி இருக்கும் என்று அந்த எண்களைப் பார்த்தால் தெரியும்.

அன்றைக்கும் ஏழு இன்னிங்ஸ் முடியும்போது எதிரணியான ஏஞ்சல்ஸ் 2-0 என்று முன்னால் இருந்தது. “அணியை வித்துடு” என்று கூட்டம் கத்தியது. 1981-லிருந்து ஒரே உரிமையாளர், அவருக்குத்தான் அந்தக் கோஷம். எனக்கு முன்வரிசைப் பையன்கள் நான்கு பேர் 121 என்று எழுதிய அட்டையோடு வந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அந்த எண்ணைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தேன். பெரியவரிடம் இனி வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். “ஏழு இன்னிங்ஸ் முடிஞ்சு பின்னாடி இருந்த 94 ஆட்டத்துல ஒண்ணுகூட இவங்க ஜெயிச்சதில்ல” என்றார். சொல்லிக்கொண்டே எட்டாவது இன்னிங்ஸுக்கு அடுத்த கட்டத்தில் கோடு போட்டார்.

அந்த எட்டாவதில் மூன்று ரன். முதல் ஆள் ஓடி வந்தபோது யாரும் பெரிதாக அசையவில்லை. இரண்டாவது ரன்னில் சமம். அப்புறம் பெனின்டெண்டி அடித்த சிங்கிளில் 3-2. நான் எழுந்து கத்தினேன். கப்பிலிருந்த சோளம் கொட்டிவிட்டது. பையன்கள் அட்டையைக் காலுக்கடியில் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். பெரியவர் மட்டும் எழவில்லை. குனிந்து மூன்று வைரங்களையும் ஒவ்வொன்றாக நிரப்பினார். மூலை முடுக்கு விடாமல், ஒரு வெள்ளைப் புள்ளிகூடத் தெரியாமல், பென்சில் முனை மழுங்கும்வரை. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து ஆட்டத்தைப் பார்த்தார்.

ஜெயித்தார்கள். மேலே வாணவேடிக்கை விட்டார்கள். இறங்கும்போது பெரியவரிடம் நாளைக்கு வருவீர்களா என்று கேட்டேன். “சீசன் டிக்கெட். வெள்ளிக்கிழமை டெட்ராய்ட்ல, அது வீட்லேர்ந்து” என்றார்.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். ஏஞ்சல்ஸோடு ஆடிய மற்ற இரண்டு ஆட்டத்தையும் வைட் சாக்ஸ் ஜெயித்ததைப் போனில்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரவு டெட்ராய்ட் 4-1 என்று அவர்களை வீழ்த்திப் பிளேஆஃபுக்குப் போனது. மைதானம் முழுக்க அந்த ஊர்க்காரர்களின் கொண்டாட்டம். அதுதான் 121. மிச்சமிருந்த இரண்டு ஆட்டமும் வைட் சாக்ஸ் ஜெயித்து, 41 வெற்றி, 121 தோல்வி என்று சீசன் முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வந்த நினைப்பு ஒன்றுதான். அடுக்களை மேஜையில் ரேடியோவை வைத்துக்கொண்டு, பென்சிலைச் சீவி, புதுப் பக்கத்தின் மேலே அவர் தேதி போட்டிருப்பார்.