ஆளுக்கு முப்பது வெள்ளி, ஆறு பேர், ஒரு சனிக்கிழமை

கே.எல்.லில், அதாவது கோலாலம்பூரில், வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது அந்த போன் வந்துவிடும். "தம்பி, பள்ளி விடுமுறைக்கு வர்றோம். செலவில்லாம ஊரைச் சுத்திக் காட்டு." சுங்கைப் பட்டாணியிலிருந்து பெரியப்பா, பெரியம்மா, அக்கா, அத்தான், இரண்டு வாண்டுகள். பெரியப்பா அகராதியில் "செலவில்லாம" என்றால் ஆளுக்கு முப்பது வெள்ளி, அதாவது முப்பது ரிங்கிட். முடியுமா? தாராளமாக முடியும். இந்த ஊரில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசிக்கு டிக்கெட்டே கிடையாது. காசு ஒழுகுகிற ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதல் ஓட்டை கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையக் கேட்டில். பெரியப்பாவிடம் டச் அண்ட் கோ கார்டு ஒன்று இருக்கும், டோல் கட்டுவதற்காக வாங்கியது. அதைத் தட்டி ஆறு பேரையும் உள்ளே தள்ளிவிடலாம் என்று நினைப்பார். தட்டியவுடன் அவர் உள்ளே. அடுத்து பெரியம்மா தட்டினால் சிவப்பு விளக்கு. "ஒருத்தர் உள்ளே போயாச்சு, இன்னும் வெளியே வரவில்லை" என்று கார்டு குறித்துக்கொள்கிறது. அதே கார்டில் இன்னொருவர் நுழைய வழியில்லை. ஆளுக்கொரு கார்டு, இல்லையென்றால் ஆளுக்கொரு டிக்கெட். டிக்கெட் இயந்திரம் கசங்கிய நோட்டைத் துப்பும். பெரியம்மா கைக்குட்டையில் முடிந்து வைத்த நோட்டு நேரான நோட்டாக இருக்கவே இருக்காது. ஆகவே முந்தைய நாள் இரவே சின்ன நோட்டும் சில்லறையும் தயாராக இருக்கட்டும். சில்லறைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பல இடங்களில் டாய்லெட்டுக்குக் காசு.

முருகன் குகைக்கோயில் இருக்கும் பத்துமலைக்கு கேடிஎம் கம்யூட்டர் என்ற புறநகர் ரயில்தான் மலிவு. கேஎல் சென்ட்ரலிலிருந்து ஒரு வழிக்கு மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும், அரை மணி நேரப் பயணம். ஆனால் ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு ஊர் ரயிலும் வரும், ஒன்று பத்துமலைக்கு, ஒன்று தஞ்சோங் மாலிமுக்கு. புத்ரா நிலையம் வரைக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் ஓடும், பிறகு பிரியும். ரயிலின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் "ஏறு ஏறு" என்று ஏறினால், ஜன்னலுக்கு வெளியே செகாம்புட் என்ற பலகை தெரியும்போதுதான் விஷயம் புரியும். செந்தூல் தெரிந்தால் சரியான ரயில். செகாம்புட் தெரிந்தால் இறங்கி, எதிர்ப் பக்கம் வந்து, புத்ராவுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு அத்தான் ஒரு விளக்கம் வைத்திருப்பார்: "சும்மா, இந்தப் பக்கமும் பார்த்தமாதிரி ஆச்சு."

இன்னொன்று: நடுவில் பெண்களுக்கு மட்டும் என்று தனிப் பெட்டி இருக்கிறது. ஏசி நன்றாக வருகிறது என்று அதில் கால் நீட்டி உட்காரும் பெரியப்பாக்கள் நிறைய.

ஏழரைக்கெல்லாம் படியேறத் தொடங்கிவிட வேண்டும். பத்து மணிக்கு வெயிலும் கூட்டமும் ஒன்றாக வந்து நிற்கும். 272 படி, 2018-இல் அடித்த வானவில் நிறம். ஏறும்போது யாரும் நிறத்தைப் பார்ப்பதில்லை. படியின் அகலம் குறைவு, பெரியவர்கள் பாதம் முழுதாக உட்காராது. ஏறுவதற்குப் பரவாயில்லை, இறங்கும்போது பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கைப்பிடியை விடாமல் இறங்க வேண்டும். மழை பெய்து ஈரமாக இருந்தால் பெரியம்மாவைக் கீழேயே உட்கார வைப்பது புத்திசாலித்தனம். அங்கே பார்க்க 42.7 மீட்டர் முருகன் இருக்கிறார். 2006-இல் திறந்த சிலை. தங்கப் பூச்சு மட்டும் 300 லிட்டர் என்று யாராவது சொன்னால் போதும், பெரியப்பா சுங்கைப் பட்டாணி வீட்டுக் கேட்டுக்கு எத்தனை லிட்டர் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே முதல் நூறு படியை ஏறிவிடுவார். மூச்சு வாங்குகிறவர்களுக்கு இந்த உத்தியைத் தைரியமாகச் சிபாரிசு செய்யலாம்.

முழங்கால் தெரியும் அரைக்கால் சட்டையில் வந்த பெண்களைக் கீழேயே நிறுத்திச் சால்வை வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். அக்காவுக்கு ஒரு துண்டை வீட்டிலிருந்தே பையில் போட்டால் அந்தக் காசு மிச்சம். மேலே குகைக்கோயிலுக்குக் கட்டணம் இல்லை. கீழே இருக்கும் இராமாயணக் குகைக்கு உண்டு. "எல்லாம் சாமிதானே" என்று நுழைந்துவிட்டால் முப்பது வெள்ளியில் ஓட்டை விழும்.

குரங்குகள். பதிவில் பாதியை அவற்றுக்கே எழுதலாம். குரங்கு பசியைப் பார்த்து வருவதில்லை, சத்தத்தைக் கேட்டு வருகிறது. பிளாஸ்டிக் பையின் சரசரப்பு அதன் காதில் "சாப்பாடு" என்று விழும். பூசைக்கு வாங்கிய வாழைப்பழத்தை மெல்லிய சிவப்புப் பையில் ஆட்டிக்கொண்டு ஏறுகிறவர், அறுபதாவது படியில் பையின் கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பார். ஜிப் வைத்த துணிப்பை, அதுவும் முன்பக்கமாக மாட்டியது, பத்திரம். பறித்துவிட்டால் திரும்பப் பறிக்கக் கூடாது. பல்லைக் காட்டிச் சிரிக்கவும் கூடாது, அது சண்டைக்குக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும். வாண்டுகளிடம் இதைச் சொன்னால் உடனே பல்லைக் காட்டிப் பரிசோதிப்பார்கள். சொல்லாமல் கையைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

திரும்பும் ரயிலில் ஒரு வேடிக்கை கட்டாயம் நடக்கும். கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு நிலையம் முன்னால் "கோலாலம்பூர்" என்றே ஒரு நிலையம் இருக்கிறது, 1910-இல் கட்டிய பழைய ஸ்டேஷன். ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்டதும் பெரியப்பா எழுந்து இறங்கிவிடுவார். கதவு மூடும். உள்ளே ஐந்து பேர், வெளியே கையாட்டும் ஒருவர். பதற வேண்டியதில்லை. அங்கிருந்து ஆற்றுக்கு மேலே நடைபாலம் வழியாகப் பசார் செனி எல்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்குப் போகலாம், அங்கிருந்து கேஎல் சென்ட்ரல் ஒரே நிறுத்தம். "பழைய ஸ்டேஷனைப் பார்க்கத்தான் இறங்கினேன்" என்பது பிறகு அவர் சொல்லும் கதை. கட்டடம் உண்மையிலேயே பார்க்க வேண்டியதுதான்.

மதியம் பிரிக்பீல்ட்ஸ், வாழை இலைச் சாப்பாடு. சோறும் காய்கறியும் கேட்கக் கேட்க வரும். தட்டோடு மேசைக்கு வருகிற பொரித்த கோழி, ஆட்டு வருவல், மீன் துண்டெல்லாம் தனி விலை. "வைக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே வைத்துவிடுவார்கள். அத்தான் தலையை ஆட்டினால் அதற்குப் பெயர் சம்மதம். சைவ இலையோடு எழுந்துவிட்டால் பட்ஜெட் தாங்கும்.

பிறகு பசார் செனி. 1888-இல் மீன், காய்கறி விற்ற சந்தை, இப்போது கைவினைப் பொருள். ஏசி இலவசம், அதுதான் முக்கியம். நடக்கிற தூரத்தில் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் 1873-இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயில். தைப்பூச வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் பேரம் பெரியம்மாவின் கையில் இருக்கட்டும். சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்கி, "வேண்டாம் பொஸ்" என்று நான்கு அடி நடந்தால் கூப்பிடுவார்கள். ஐந்தாவது அடி வைத்தும் கூப்பிடாவிட்டால் அதுதான் உண்மையான விலை.

மஸ்ஜிட் ஜாமேக்குக்கும் கட்டணமில்லை, 1909-இல் திறந்த பள்ளிவாசல். அங்கியும் அங்கேயே கொடுப்பார்கள். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை, நேரம் பார்த்துப் போக வேண்டும். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேருகிற முனையை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஊரின் பெயருக்குக் காரணமான சேறும் தண்ணீரும் அதுதான் என்றால், அத்தான் எட்டிப் பார்த்து, "இன்னும் அப்படியேதான் இருக்கு" என்பார்.

நான்கு மணிக்கு மேல் மழை. இங்கேதான் பெரும்பாலோர் தோற்றுப்போவது. மழை தொடங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் போனில் கிராப் வாடகை வண்டி தேடுவார்கள், விலை அந்த நிமிடமே ஏறும், ஆறு பேருக்குப் பெரிய வண்டி வேறு. கோ கேஎல் பஸ் மலேசியர்களுக்கு இலவசம், ஆனால் மழையில் அது நகரும் வேகத்தைவிட நனைந்துகொண்டே நடப்பவர் முந்துவார். எல்ஆர்டிதான் சரி. பசார் செனியிலிருந்து கேஎல்சிசி நான்காவது நிறுத்தம். கார்டு இல்லாதவர்களுக்கு நீல பிளாஸ்டிக் டோக்கன். உள்ளே போகும்போது தட்ட வேண்டும், வெளியே வரும்போது துளைக்குள் போட வேண்டும். ஆகவே போய்ச் சேரும்வரை அது தொலையக் கூடாது.

கேஎல்சிசியில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் காலடியில் நின்று 452 மீட்டரையும் போனில் அடக்க முயல்கிறவர்கள் தரையில் மல்லாந்து படுப்பார்கள். பூங்காவின் அடுத்த கோடிக்கு நடந்தால் படுக்காமலே அடங்கும். எட்டு மணிக்கு ஏரியில் இசையோடு நீரூற்று, இலவசம். மழை நின்றபின் உட்காரும் திண்டு ஈரமாக இருக்கும், காலையில் அக்கா கொண்டுவந்த துண்டு இங்கேயும் உதவும்.

இரவு கேஎல் சென்ட்ரல் கேட்டில் சின்ன வாண்டு டோக்கனைக் காணோம் என்பான். பை தரையில் கவிழும். பெட்டாலிங் ஸ்ட்ரீட் கைக்கடிகாரம், பாதி வடை, திருநீற்றுப் பொட்டலம், துண்டு. வடைப் பொட்டலத்துக்குள் எண்ணெய் மினுமினுக்க டோக்கன் இருக்கும். அத்தான் அதைச் சட்டையில் துடைத்துத் துளைக்குள் போடுவதற்குள் பெரியப்பா சுவரோரம் நின்று கணக்கை முடித்திருப்பார்.

"ஆறு பேருக்கு நூத்தி எண்பத்தோரு வெள்ளி. ஒரு வெள்ளி இடிக்குதே. டாய்லெட்டுக்கு ரெண்டு தடவை போனது யாரு?"